சொறி பிடித்த மரம்

எங்கள் வீட்டுப் பின்வேலியோரம் நிற்கிற மரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுவே இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தில். பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த மாநிலத்தின் மேற்குக் கோடியில் பண்ணையில் வளர்ந்தவர், மரம் மட்டை மாடு எல்லாம் தெரிந்தவர், அவரே "அதெல்லாம் ஒரு மரமா, குருவி எச்சத்துல முளைச்ச குப்பை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒமாஹாவில் இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் பார்பிக்யூவுக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதை வெட்டிட்டு ஒரு சிவப்பு மேப்பிள் வையுங்க, அக்டோபர்ல போட்டோ எடுத்தா அள்ளும்" என்றார். என் மனைவிக்கும் அதன் மேல் பெரிய பாசம் கிடையாது. ஜன்னல் வலையில் அப்புகிற பூச்சிக்கும், காரின் மேல் விழுகிற ஊதாக் கறைக்கும் அந்த மரம்தான் காரணம் என்பது அவர் கட்சி. அது உண்மையும்கூட. ஆனால் இத்தனை பேர் ஒரே குரலில் குறை சொல்கிற ஒன்று இத்தனை வருஷமாக ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் நிற்கிறதே, அது எப்படி என்ற கேள்வி மட்டும் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

மரத்தின் பெயர் ஹேக்பெரி. அறிவியல் பெயர் செல்டிஸ் ஆக்சிடென்டாலிஸ். இந்தப் பெயருக்கு வந்து சேரவே நாளாயிற்று, ஏனென்றால் போனில் இருக்கிற மரம் கண்டுபிடிக்கும் ஆப் ஒருநாள் எல்ம் என்றது, இன்னொரு நாள் மல்பெரி என்றது, மாலை வெயிலில் எடுத்த படத்துக்கு லிண்டன் என்றும் சொன்னது. ஆப்பைக் குறை சொல்லவும் முடியாது. இலையை மட்டும் தட்டையாகப் படம் எடுத்துக் கொடுத்தால் மூன்றுமே அந்த ஜாடையில்தான் இருக்கும். எல்மும் ஹேக்பெரியும் ஒரே குடும்பம் என்றுதான் தாவரவியல்காரர்களே வெகுகாலம் வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்து அங்கிருந்து பிரித்து, கஞ்சாச் செடியும் பீர் தயாரிக்கும் ஹாப்ஸ் கொடியும் இருக்கிற கன்னபேசி குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதை அந்தத் திருநெல்வேலித் தம்பியிடம் சொன்னபோதுதான் அவருக்கு மரத்தின் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

இலை, பட்டை, குச்சி

சரி, எப்படி அடையாளம் காண்பது? இலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஆனால் இலையோடு நின்றுவிடாதீர்கள். காம்போடு ஒரு இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் கோணல். நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் இலை சமமாக இறங்காது. ஒரு பாதி காம்பைச் சீக்கிரம் தொட்டுவிடும், மறுபாதி இன்னும் கொஞ்சம் இறங்கி வந்து தொடும். எல்ம் இலையிலும் இந்தக் கோணல் உண்டு, அங்கேதான் பலரும் சறுக்குவது. அப்போது நரம்பைப் பார்க்க வேண்டும். எல்மில் நடுவே ஒரு நரம்பு, அதிலிருந்து வரிசையாக, இணையாக, நேராக ஓரத்துக்கு ஓடும் கிளை நரம்புகள். ஹேக்பெரியில் காம்பு முடிகிற இடத்திலேயே மூன்று பெரிய நரம்புகள் பிரிந்துவிடும். ஓரத்துப் பற்களும் வேறு: எல்மில் பெரிய பல்லின் முதுகில் குட்டிப் பல் ஏறி உட்கார்ந்திருக்கும், ஹேக்பெரியில் ஒற்றைப் பல்தான், அதுவும் இலையின் அடிப்பாகத்தில் பல்லே இல்லாமல் வழுவழுவென்று போய்விடும். மல்பெரியிலும் அடியில் மூன்று நரம்பு உண்டே என்றால், காம்பைக் கிள்ளினால் தெரிந்துவிடும். மல்பெரியில் பால் வரும். இதில் வராது.

ஆனால் இலை வருஷத்தில் பாதி நாள்தான் மரத்தில் இருக்கிறது, எங்கள் ஊரான லிங்கனில் இன்னும் குறைவு. குளிர்காலம் முழுக்க நமக்குக் கிடைப்பது பட்டைதான், அதில்தான் ஹேக்பெரியை ஐம்பது அடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம். இளம் மரத்தில் பட்டை சாம்பல் நிறத்தில் மழமழவென்றிருக்கும். வயது ஏற ஏற, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தக்கை போன்ற மருக்கள் எழும். அப்புறம் மருக்கள் சேர்ந்து மேடுகளாகும், மேடுகள் நீளவாட்டில் ஓடும். ஒரு மேட்டைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் மெல்லிய அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரியும், மலைப் பகுதி வரைபடத்தில் உயரத்தைக் காட்டப் போடுவார்களே நெருக்கமான வளைகோடுகள், அப்படி. விரல் நகத்தால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும். எங்கள் மரத்தில் வடக்குப் பக்கம் மேடுகள் நெருக்கமாகவும் தெற்குப் பக்கம் பெரிய பெரிய வெறும் சாம்பல் திட்டுகளுக்கு நடுவே தனித்தனி மருக்களாகவும் இருக்கின்றன. இந்த ஊரில் வேறு எந்த மரத்துக்கும் இந்தப் பட்டை கிடையாது. தெற்கே போனால் இதன் தங்கை சுகர்பெரி இருக்கிறது, அதற்கு மருக்கள் குறைவு, இலை ஒடுக்கம், ஓரத்தில் பல் அநேகமாக இருக்காது. நெப்ராஸ்காவில் அந்தக் குழப்பம் தேவையில்லை.

குச்சியையும் ஒருமுறை பாருங்கள். நேராக வளராது, கணுவுக்குக் கணு திரும்பித் திரும்பிப் போகும். மொட்டுகள் சின்னவை, குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும். கணு இருக்கும் இடத்தில் பேனாக்கத்தியால் நீளவாட்டில் பிளந்தால் நடுச்சோறு வெள்ளையாக, சின்னச் சின்னத் தடுப்புகளோடு அறை அறையாக இருக்கும். பழம் செப்டம்பரில் கருஞ்சிவப்பாகி ஊதாவுக்குப் போகும், பட்டாணியை விடச் சற்று சிறியது, நீளமான காம்பில் தனித்தனியாகத் தொங்கும், பறவைகள் விட்டுவைத்தால் பனி கொட்டும் வரைகூடத் தொங்கும்.

இரண்டு காகிதங்கள்

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம், மரத்துக்கு மருந்தடிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். நான் கூப்பிடவில்லை, தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம், கையில் பலகையோடு மரத்தைச் சுற்றி வந்து, கிளையை வளைத்து இலையைத் திருப்பிப் பார்த்து, உச் கொட்டி, ஒரு தாளை எழுதிக் கொடுத்தார். மேலே தொகை. கீழே "கவனிக்கப்பட்ட பிரச்சினைகள்" என்று தலைப்பிட்டு அடுக்கியிருந்தார்: பட்டையில் மருக்கள், இலையின் அடியில் கொப்புளங்கள், கிளை நுனிகளில் துடைப்பம் மாதிரிக் கொத்துக் குச்சிகள், இலை வடிவம் சீராக இல்லை. வருஷம் இரண்டு முறை வேரில் மருந்து, இல்லாவிட்டால் மரத்தை எடுத்துவிடுவது நல்லது. ஒரு வருஷத்து மருந்துச் செலவில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு அந்தத் தாளைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு, பொது நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த சமவெளி மரங்களின் கையேட்டில் ஹேக்பெரி பக்கத்தைத் திறந்தேன். மருந்து தேடித்தான் திறந்தேன். அடையாளக் குறிப்புகள் என்ற பகுதியில் வரிசையாக இருக்கிறது: பட்டையில் தக்கை மருக்கள்; சமமற்ற இலையடி; இலையின் அடிப்பக்கம் அநேகமாக எப்போதும் காணப்படும் முலைக்காம்பு வடிவ முடிச்சுகள்; கிளைகளில் துடைப்பக் கொத்துகள், குளிர்காலத்தில் தூரத்திலிருந்து மரத்தை அறிய இதுவே வசதி. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஒன்று நோய்ப் பட்டியல், இன்னொன்று அங்க அடையாளம். வரிசைதான் மாறியிருந்தது, சரக்கு ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் "இடது கன்னத்தில் மச்சம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் நமக்கு ஆபரேஷன் தேதி குறித்துக் கொடுத்த கதை.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை, ஆனால் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அந்த ஆள் ஏமாற்றவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் பார்த்ததைத்தான் எழுதினார். பெரியவர் சொல்வதும், தம்பி சொல்வதும், ஜன்னல் வலை பற்றி மனைவி சொல்வதும் பார்த்ததை வைத்துத்தான். இந்த மரத்தில் எதெல்லாம் அதை அதுவாகக் காட்டுகிறதோ அதெல்லாம்தான் அதன் மேல் வெறுப்பும் வரவழைக்கிறது. மேப்பிளை இலை நிறத்துக்காக அடையாளம் காண்கிறோம், பர்ச்சை வெள்ளைப் பட்டைக்காக. ஹேக்பெரிக்கு மட்டும் சொறியும் கொப்புளமும் துடைப்பமும்.

மறுநாள் ஒரு இலையைப் பறித்து வந்து பிளேடால் கொப்புளத்தை அறுத்துப் பார்த்தேன். வெளியே பச்சை, லேசாக முடி, உள்ளே சுவர் நல்ல தடிமன், நடுவில் குழி, குழிக்குள் ஒரு இளம்பூச்சி. மஞ்சளாக, மெதுவாகக் கால் ஆட்டிக்கொண்டு. பேகிசில்லா என்ற இனம், ஹேக்பெரியைத் தவிர வேறு மரத்துக்குப் போகாது. வசந்தத்தில் இலை விரியும்போது தாய்ப்பூச்சி முட்டையிடும், குஞ்சு இலையை உறிஞ்ச ஆரம்பித்ததும் இலைத் திசு அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். கோடை முழுக்க உள்ளேயே இருந்துவிட்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் இறக்கை முளைத்து வெளியே வரும். பட்டையின் இடுக்குகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும், ஆனால் வெதுவெதுப்பான சுவரும் ஜன்னலும் கிடைத்தால் அதுவும் அதற்கு இடுக்குதான். அதனால்தான் அக்டோபரில் வலையெல்லாம் அப்பிக் கிடக்கிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர், சிள்வண்டைச் சுருக்கினால் எப்படியோ அப்படி. வீட்டுக்குள் வந்தால் இனப்பெருக்கம் செய்யாது, சாமானைத் தின்னாது, வாக்வம் போட்டால் முடிந்தது. மரத்துக்கு? இலை கொஞ்சம் முன்னதாக உதிரலாம். ஆரோக்கியமான மரத்துக்கு மருந்து வேண்டாம் என்பதுதான் இங்குள்ள பல்கலைக்கழக விரிவாக்க மையங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. துடைப்பக் கொத்தும் அப்படித்தான், ஒரு நுண்சிலந்தியும் ஒரு சாம்பல் பூஞ்சையும் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை, மொட்டுகள் தாறுமாறாகக் கிளைத்துக் கொத்தாகிவிடுகின்றன, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

எங்கே வளரும் என்று கேட்டால்

எங்கே வளராது என்று கேட்பது சுலபம். அடர்ந்த நிழலில் தத்தளிக்கும், மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் போய்விடும், தீயைத் தாங்காது. மற்றபடி கியூபெக்கின் தெற்கிலிருந்து வட டகோட்டா வரைக்கும், அங்கிருந்து கீழே ஒக்லஹோமா வரைக்கும் இயல்பாகவே பரவியிருக்கிறது. அமெரிக்க வேளாண்துறை போட்ட குளிர் மண்டலக் கணக்கில் 3 முதல் 9 வரை. மண்டலம் 3 என்றால் செல்சியஸ் மைனஸ் 40 வரை இறங்கலாம் என்று அர்த்தம். 2021 பிப்ரவரியில் லிங்கனில் மைனஸ் 30க்கும் கீழே போனது நினைவிருக்கும், எங்கள் வீட்டுக் குழாய் உறைந்தது, வாசலில் ஆசையாய் வைத்த ஜப்பான் மேப்பிள் மே மாதம் வரை பார்த்தும் துளிர்க்கவில்லை. வேலியோரத்துக்காரர் வழக்கம்போல ஏப்ரல் கடைசியில் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணுக்குத் தெரியாத பூவைப் பூத்து, காற்றில் மகரந்தத்தை விட்டு, எனக்குத் தும்மலையும் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

குளிரை விட இந்த ஊரில் மரங்களைக் கொல்வது மண்தான், அதைப் பலரும் யோசிப்பதில்லை. கிழக்கு நெப்ராஸ்காவில், அதுவும் புதிதாக வீடு கட்டி மேல்மண்ணை வழித்தெடுத்த பகுதிகளில், மண்ணில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மை அதிகம். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஜூலையில் லிங்கனின் புறநகர்த் தெருக்களில் நடந்தால் பின் ஓக் (pin oak) என்ற வகை மரங்கள் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். சிவப்பு மேப்பிளுக்கும் அதே கதிதான். தம்பி சொன்ன அந்த போட்டோ மரம் இங்கே பாதி இடங்களில் அக்டோபருக்கு முன்பே வெளிறிப்போய்விடும். ஹேக்பெரிக்குச் சுண்ணாம்பு மண் ஒரு பொருட்டே இல்லை, சுண்ணாம்புப் பாறை மேட்டில்கூட இயல்பாக வளரும். ஆற்றோர வண்டலில் என்றால் ராஜா, நூறடிக்கு மேலே போகும். வீட்டுத் தோட்டத்தில் ஐம்பது அறுபது அடி. மழையைப் பொறுத்தவரை லிங்கனில் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம், மாநிலத்தின் மேற்கில் ஏறக்குறைய அதில் பாதி. இரண்டு இடத்திலும் இது உண்டு, மேற்கில் ஓடைக்கரைகளை விட்டு அதிகம் விலகாது, குட்டையாக, கோணலாக, ஆனால் உயிரோடு. மாநில வரலாற்றிலேயே மிக வறண்ட வருஷமான 2012இல் எங்கள் தெருவில் புல்வெளியெல்லாம் காய்ந்து கருகியபோது இது ஓரத்து இலைகளைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுக் கம்மென்று நின்றதைப் பெரியவரே சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு "களைக்கு எங்க சாவு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இது மரம் இல்லாத சமவெளியில் மரம் வைத்தே தீருவேன் என்று நின்ற மாநிலம். உலகம் முழுக்க இன்று கொண்டாடுகிற மரம் நடும் தினம் 1872 ஏப்ரல் 10 அன்று நெப்ராஸ்காவில்தான் தொடங்கியது. 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வட டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை பண்ணை ஓரங்களில் காற்றுத்தடுப்பு வரிசைகளாக 1942 வரை சுமார் 22 கோடி மரங்களை நட்டது. அந்த வரிசைகளில் ஹேக்பெரிக்கும் இடம் இருந்தது. பெரியவர் வளர்ந்த பண்ணையிலும் அப்படி ஒரு வரிசை இருந்ததாம். அதில் என்னென்ன மரம் என்று கேட்டேன். சீடர், ஆஷ், எல்ம், அப்புறம் என்று இழுத்துவிட்டு, "அதுவும் இருந்துச்சு" என்றார். பெயரைச் சொல்லவில்லை.

நகரங்களுக்கு இது வந்த கதையும் மற்றவர்கள் செத்த கதைதான். அமெரிக்காவின் ஊர்த் தெருக்களில் இரண்டு பக்கமும் எல்ம் வைத்து மேலே கூரை போட்ட மாதிரி வளர்த்திருந்தார்கள். 1930இல் ஒஹையோவில் தெரிய வந்த டச்சு எல்ம் நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்களைத் தின்றது. அந்த இடத்துக்கு, உருவத்தில் எல்மை ஒத்திருக்கிறது, நோய் தொடாது என்று ஹேக்பெரியைக் கொஞ்சம், ஆஷை நிறைய வைத்தார்கள். 2002இல் டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சை வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அது ஆஷைத்தான் குறிவைத்து உள்ளே துளைத்தது, 2016இல் ஒமாஹாவுக்கு வந்தது, அப்புறம் லிங்கனுக்கும். எங்கள் தெருவில் இப்போது ஆஷ் இருந்த இடமெல்லாம் மரத்தூள் மேடுகள். அழகான மரம் என்று ஒரே இனத்தை வரிசையாக வைத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது, மூன்றாவது முறை மேப்பிளில் பார்க்க எனக்கு ஆசையில்லை. அதற்காக எல்லா இடத்திலும் ஹேக்பெரியே வையுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அதே முட்டாள்தனம்தான் அது.

வினிகரில் போட்ட கொட்டை

பழத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சாப்பிடலாம். தோலுக்கடியில் ஒரு மெல்லிய சதை, பேரீச்சம்பழத்தின் இனிப்பு, அது நாக்கில் பட்டு முடிவதற்குள் பல் கொட்டையில் மோதும். பல் ஜாக்கிரதை. அந்தக் கொட்டை ஓடு வெறும் மரக்கட்டை அல்ல, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அரகோனைட் என்ற வடிவத்தில். சிப்பியின் உட்புறமும் முத்தும் எதனால் ஆனவையோ அதே கனிமம். படித்தபோது நம்பிக்கை வரவில்லை, அதனால் சதையைச் சுரண்டிக் கழுவிய கொட்டைகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சமையல் வினிகரை ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கொட்டையின் மேலும் வரிசையாகப் பொடிக் குமிழிகள். ஒன்றைச் சுத்தியலால் தட்டி உடைத்துப் போட்டதும் சுர்ரென்று நுரைத்தது. பட்டன் அளவு பழத்துக்குள் இந்த மரம் கல் செய்து வைத்திருக்கிறது. இந்த மண்ணின் சுண்ணாம்பைக் கண்டு ஓக் மஞ்சளாகிறது, இதுவோ சுண்ணாம்பிலேயே பிள்ளைக்கு வீடு கட்டுகிறது. மனைவியும் வந்து பார்த்தார், கிண்ணத்தைச் சமையலுக்கு எடுத்த கிண்ணமா என்று கேட்டுவிட்டு இன்னொன்றையும் உடைத்துப் போடச் சொன்னார்.

கல் என்பதால் அது மக்காது. கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் ஒகல்லாலா பாறைப் படிவுகளில் பல மில்லியன் ஆண்டுப் பழமையான ஹேக்பெரி இனக் கொட்டைகள் இன்றும் உருண்டையாகக் கிடைக்கின்றன. பீஜிங் பக்கத்து ஜோகோடியன் குகையில், பழங்கால மனித எலும்புகள் கிடைத்த அதே அடுக்குகளில், இந்த இனத்து வேறொரு மரத்தின் உடைந்த கொட்டை ஓடுகள் ஏராளம். இந்தச் சமவெளியின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் பழத்தைக் கொட்டையோடு சேர்த்து நைசாக இடித்து இறைச்சிக்கு மசாலாவாகத் தூவினார்கள். இன்னொரு பூர்வகுடியான பானி மக்கள் இடித்த பழத்தைக் கொழுப்போடும் வறுத்த சோளத்தோடும் கலந்து சாப்பிட்டார்கள். கொட்டையோடு இடிப்பதுதான் சரியான வழி. நான் காபிக்கொட்டை அரைக்கும் மிஷினில் போட்டுப் பார்த்தேன், சுவை நன்றாகத்தான் இருந்தது, மிஷின் பிளேடு இப்போது நன்றாக இல்லை.

சாப்பிட ஆள் இல்லாமலும் இல்லை. ஹேக்பெரி எம்பரர் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது இந்த மரத்தின் இனத்தில் மட்டும்தான். அதற்குப் பூவில் அவ்வளவாக நாட்டமில்லை, மரச்சாறு, அழுகின பழம், சாணி, மனித வியர்வை, இதுதான் அதன் மெனு. ஜூன் மாதம் புல் வெட்டிவிட்டு வேர்த்து உட்கார்ந்தால் முழங்கையில் வந்து இறங்கி, சுருள் நாக்கை நீட்டி உப்பை உறிஞ்சும், தட்டிவிட்டாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். மூக்கு நீண்ட ஸ்னவுட் வண்ணத்துப்பூச்சிக்கும் இதுதான் வீடு. குளிர்காலத்தில் சீடர் வாக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக வந்து கிளையில் மிச்சமிருக்கும் பழத்தைக் காலி செய்துவிட்டுப் போகும், என் காரின் மேல் விழுவது அந்த விருந்தின் மிச்சம்தான்.

குறையே இல்லை என்று சொல்லப் போவதில்லை. புயலில் கிளை ஒடியும், குறிப்பாக இரட்டைத் தலையாகப் பிரிந்து வளர விட்டால். கன்றாக இருக்கும்போதே ஒரு தலையை வெட்டி ஒற்றைத் தண்டாக ஏற்றிவிட வேண்டும், இதை யாரும் செய்வதில்லை, பிறகு மரத்தைத் திட்டுகிறார்கள். இளம்பட்டை மெலிசு, புல்வெட்டி மிஷின் ஒருமுறை உரசினாலே காயம், காயத்தில் அழுகல் சீக்கிரம் இறங்கும். பறவைகள் வேலி நெடுக விதைத்துவிட்டுப் போவதால் வருஷா வருஷம் கன்று பிடுங்கும் வேலை உண்டு, முதல் வருஷமே பிடுங்கிவிடுங்கள், மூன்றாம் வருஷம் கடப்பாரை வேண்டும். இலையுதிர் நிறம் ஒரு சோகையான மஞ்சள். கட்டை விறகுக்கும் மலிவு நாற்காலிக்கும் ஆகும், வெயிலில் மழையில் வைத்தால் உளுத்துப்போகும்.

வைக்க நினைப்பவர்களுக்கு. விதையிலிருந்து என்றால் சதையை நீக்கி ஈர மணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வசந்தத்தில் போடுங்கள், அல்லது இலையுதிர் காலத்திலேயே மண்ணில் போட்டுவிட்டு அணில்களிடம் வேண்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், சுற்றி மரத்தூள், உரம் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் அசமந்தமாக இருக்கும், வேர் பிடித்துவிட்டால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு அடி சாதாரணம். கடையில் போய்க் கேட்டால் அநேகமாக இருக்காது, தொட்டியில் நிற்கும் ஹேக்பெரிக் கன்று அவ்வளவு கேவலமாக இருக்கும், கோணல் குச்சி ஒன்று, பக்கத்தில் மேப்பிள் சிரித்துக்கொண்டு நிற்கும்போது எவன் வாங்குவான். நெப்ராஸ்காவின் இயற்கை வள மாவட்ட அலுவலகங்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் பண்ணைகளுக்கென்று நாட்டு மரக்கன்றுகளை மலிவாக விற்கின்றன, அந்தப் பட்டியலில் பார்த்தேன், இது இருக்கிறது. சிக்கல் ஒன்றுதான், கட்டுக் கணக்கில்தான் தருவார்கள், ஒரு கட்டுக்கு 25 கன்று. வாசலில் செத்துப்போன ஜப்பான் மேப்பிள் இடத்தில் வைக்க எனக்கு ஒன்று போதும், பெரியவரிடம் மெதுவாகக் கேட்டதில் "ஆஷ் போன இடம் காலியாத்தான் கிடக்கு" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார், அதை ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன். லிங்கன், ஒமாஹா பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பிப்ரவரிக்குள் சொல்லுங்கள், இன்னும் 23 இருக்கிறது.